ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேராக இருந்த பீம்

நீங்கள் எழுதியது பொய்.

போர்க்காலத்தில் எங்கள் முகாமின் வானொலிப் பிரிவுக்கு அதிகாரியாக இருந்தவர் நீங்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவன் நான். பழைய முகாம்காரர்கள் சேர்ந்து போட்ட நினைவு மலரில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். ஒரு மழைநாளில் தரை தெரியாமல் தவித்த விமானத்தைப் 'பீம்' என்ற ரேடியோ வழிகாட்டிக் கருவி பத்திரமாக இறக்கியது என்கிறீர்கள். விமானத்துக்குத் திசை சொல்லும் டி.எஃப். குடிசையில் இருந்த உள்ளூர் ஆள் ஒருவன் பொய்யான தரத்தைச் சொல்லி விமானியைக் குழப்பினான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. அன்று குடிசையில் தந்திச் சாவியைத் தட்டியவன் நான்தான் என்று முத்தாபுதுப்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும்.

டீக்கடையில் என்னைப் பார்த்ததும் ஒருவன் ஆரம்பித்தான். "இன்னா பெருசு, பிளேனக் கவுக்கப் பாத்தியாமே? புக்ல போட்டுக்கீது!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் என் மகள் அந்த மலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீ பொய் சொன்னியாப்பா?" என்று கேட்டாள். அதற்குச் சிரிக்க முடியவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷங்களைப் பற்றி எனக்குப் புலம்பல் கிடையாது. அவை நல்ல வருஷங்கள். என் அப்பா வேப்பம்பட்டில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். நான் தபால் ஆபீசில் தந்தி அடிக்கக் கற்றுக்கொண்டேன். அந்த விரல் வேகத்தைப் பார்த்துத்தான் முகாமில் எடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து வேலை, காதில் ஹெட்போன், மாதம் முடிந்தால் சம்பளம். மழைக்கும் வெயிலுக்கும் தலைக்கு மேல் கூரை. எனக்கு வேறு என்ன வேண்டும்?

அந்தக் கூரை ஓலைக் கூரை. தகரம் போட அனுமதி இல்லை. டி.எஃப். குடிசை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓடுதளத்தின் மேற்கு முனைக்கு வெளியே, வயலுக்கு நடுவே, நான்கு மூலைக்கு நான்கு உயரமான கம்பங்கள். நடுவில் குடிசை. குடிசைக்குள் ஒரு ரேடியோப் பெட்டி, அதில் ஒரு கைச்சக்கரம். வானத்தில் இருக்கிற விமானம் தன் தந்திச் சாவியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கும். அந்த ஒலி எங்கள் காதில் விழும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற ஒலி மெலிந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் செத்துப்போகும். அந்த இடத்தில் சக்கரம் காட்டுகிற டிகிரியை வைத்து, எங்களை நோக்கி வர எந்தத் திசையில் ஓட்ட வேண்டும் என்று விமானத்துக்குத் திருப்பி அடிப்போம். கூடவே தரத்தையும் சொல்ல வேண்டும். ஒலி சட்டென்று செத்தால் முதல் தரம். அப்படியென்றால் இரண்டு டிகிரிக்குள் சரி, என்னை நம்பு என்று அர்த்தம். கொஞ்சம் மங்கலாக இருந்தால் இரண்டாம் தரம். கொழகொழவென்று இருந்தால் மூன்றாம் தரம். அதை நம்பி யாரும் இறங்கமாட்டார்கள்.

குடிசையில் நாங்கள் இரண்டு பேர். நான் சாவிக்கு, அவன் வெளியே காதுக்கு. அவன் பருத்திப்பட்டுக்காரன். ஏரிக்கரை ஓரம் சொந்த நிலம் உள்ள குடும்பம். மேகம் தாழ்ந்த நாளில் விமானம் எங்கள் தலைக்கு மேலே வருகிறதா, விலகி வருகிறதா என்று சத்தத்தை வைத்துச் சொல்வது அவன் வேலை. சத்தம் நேராக வந்தால் இறங்கலாம் என்று நான் அடிப்பேன். விலகி வந்தால் மேலே ஏறிப் போ என்று அடிப்பேன். அவன் காது அப்படிப்பட்ட காது. ஊருக்குள் சந்தித்திருந்தால் அவனும் நானும் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கமாட்டோம். குடிசைக்குள் சாப்பிட்டோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது இல்லை. சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

அந்தச் சட்டி மண்சட்டி. குடிசைக்குப் பக்கத்தில் இரும்பு வந்தால் திசை கெடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் சைக்கிளை வரப்பிலேயே போட்டுவிட்டு நடந்து வருவோம். அவன் அதை ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டான். தூக்குச்சட்டி கூடாது. அரிவாள் கூடாது. இடுப்பில் சாவிக்கொத்து கூடாது.

"ஒரு தூக்குச்சட்டியால என்னடா ஆயிடும்?" என்று நான் கேட்பேன்.

"உனுக்குத் தெரியுமா மச்சான், ஆவாதுன்னு? சக்கரம் உன்கைல வந்து சொல்லிச்சா?"

அவன் மனைவி தினமும் மண்சட்டியில் குழம்பு கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று திட்டிக்கொண்டே இருந்தாள். வழியில் இரண்டு சட்டி உடைந்தது. அப்போதும் அவன் விடவில்லை.

பிறகு பீம் வந்தது. நீங்களும் வந்தீர்கள். புதுப் பெட்டி, புது அதிகாரி. பீமை நான் குறை சொல்லவில்லை. நல்ல கருவி. ஓடுதளத்தின் கிழக்கு முனையிலிருந்து மேற்குப் பக்கம் அனுப்புவார்கள். விமானி பாதைக்கு ஒரு பக்கம் விலகினால் காதில் புள்ளி புள்ளியாகக் கேட்கும். மறுபக்கம் விலகினால் கோடு கோடாக. நடுவில் வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நீள ஒலி. யாரையும் கேட்க வேண்டாம். எங்களைப்போல ஒருவன் சக்கரம் சுற்ற வேண்டாம். விமானி தானே கேட்டுத் தானே இறங்கலாம்.

எங்கள் குடிசைக்கு ஒரு கெட்ட பெயரும் இருந்தது. அதையும் ஒத்துக்கொள்கிறேன். சூரியன் சாய்கிற நேரத்தில் எங்கள் திசை தள்ளாடும். அந்த நேரத்தில் ஒலி வானத்தில் பட்டுத் திரும்பி வந்து கலந்துவிடும். ஒருமுறை அந்தி வேளையில் வந்த விமானத்தை இருபது டிகிரி தப்பாகக் கூப்பிட்டேன். அது திருநின்றவூர் பக்கம் போய்ச் சுற்றிவிட்டு வந்தது. அன்றைக்கு நான் மூன்றாம் தரம் என்று சேர்த்துத்தான் அடித்தேன். ஆனாலும் தப்பு தப்புதான். அதற்குப் பிறகு விமானிகளுக்குள் ஒரு வழக்கம் வந்தது. அந்தி என்றால் பீம். பகல் என்றால் இரண்டையும் கேட்டு ஒத்துப்பார். ஒத்துப்போகாவிட்டால் தரம் பார்த்து முடிவு செய். இது நியாயமான வழக்கம். எந்தக் கருவிக்கு எப்போது கண் தெரியும், எப்போது தெரியாது என்பதை அவர்கள் அறிந்து வைத்திருந்தார்கள்.

வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் அவர்கள் பீமில் இறங்கிப் பழகுவார்கள். வேப்பம்பட்டு தாண்டியதும் 'பீம் நடுவில் இருக்கிறேன்' என்று அடிப்பார்கள். நாங்களும் பழக்கத்துக்காக அதே நேரம் திசை எடுப்போம். ஓடுதளத்தின் திசை எண்பது டிகிரி, கிட்டத்தட்ட கிழக்கு. பீம் நடுவில் இருக்கிற விமானம் எங்கள் சக்கரத்திலும் எண்பது காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்பது காட்டியது. திங்கட்கிழமை எழுபத்து மூன்று காட்டியது. செவ்வாயும் எழுபத்து மூன்று. அப்படியென்றால் விமானம் பாதைக்குத் தெற்கே தள்ளி வருகிறது என்று அர்த்தம். ஆனால் விமானியோ நடுவில் இருப்பதாகச் சொல்கிறார். மறுபடி ஞாயிற்றுக்கிழமை எண்பது. எங்கள் பெட்டியைத்தான் நாங்கள் முதலில் சந்தேகப்பட்டோம். கழற்றித் துடைத்து மாட்டினோம். சக்கரத்துக்கு விடுமுறை நாள் தெரியுமா என்று அவன் கேட்டான்.

ஒரு திங்கட்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது அவன் முகம் உர்ரென்று இருந்தது.

"இன்னாடா?"

"ஊட்ல ஒரே சண்ட மச்சான். ஞாயித்துக்கெழம ஆனா ஏரில ஒரு துணி அலச முடியலியாம். நம்ம முகாம் கெடங்கு லாரி நாப்பதும் குளிக்க வந்துடுதாம். எண்ணெயா மெதக்குதாம். ஆபீசராண்ட போய் சொல்லுன்றா. நான் சொன்னா கேப்பாரா அவுரு?"

"மத்த நாள்ல அந்த லாரியெல்லாம் எங்க நிக்குது?"

"ஓடுதளத்துக்குத் தெக்கால வரிசையா நிக்கிது. வேற எங்க..." என்றவன் வாயில் வைத்த சோற்றோடு நின்றுவிட்டான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவன் மண்சட்டியைப் பார்த்தான்.

"அடப்பாவி! நான் ஒரு சட்டிய வெளிய வெச்சுகினு பொண்டாட்டியாண்ட திட்டு வாங்கறேன். அந்த ஆபீசரு நாப்பது லாரிய பீமாண்ட வெச்சுகினு கீறாரே!"

அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் என் கல்யாணத்தில்கூடச் சிரித்ததில்லை.

நீங்கள் பீமைச் சோதித்தது ஞாயிற்றுக்கிழமைகளில். அன்றைக்குத்தான் உங்களுக்கு விமானம் சும்மா கிடைத்தது. அன்றைக்குத்தான் லாரிகளும் ஏரிக்குப் போயின. அதனால் நீங்கள் ஏறிப் பார்த்த ஒவ்வொரு முறையும் பீம் நேராகத்தான் இருந்தது. இதில் உங்கள் மேல் குற்றம் இல்லை. யாருக்கும் நடக்கக்கூடிய தவறு. நாங்கள் வந்து சொன்ன பிறகு நீங்கள் செய்ததுதான் குற்றம்.

உங்கள் மேசைக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றோம். நான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"லாரி நின்னா பீம் வளையுமா? பீம் என்ன பூவரசங் கொம்பா? ஒவ்வொரு ஞாயிறும் நானே ஏறிப் பார்க்கறேன், தெரியுமோ இல்லையோ?"

"அதான் சார், ஞாயித்துக்கிழமையில..."

"உங்க குடிசையைக் காட்சிச்சாலையில வைக்கணும். அந்தியில விமானத்தைத் திருநின்றவூருக்கு அனுப்பினவன்தானே நீ? போய் வேலையைப் பார்."

அன்று மாலையே ஓர் ஆணை வந்தது. பீம் ஓடும்போது குடிசை எந்தத் திசையையும் முதல் தரம் என்று சொல்லக் கூடாது; அதிகபட்சம் இரண்டாம் தரம்தான். உங்கள் கையெழுத்து. அதைப் பெட்டிக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

ஓடுதளத்துக்குத் தெற்கே கிடங்கின் தண்ணீர்த் தொட்டி இருந்தது. இரும்புக் கால்கள், இரண்டு தென்னை உயரம். ஏழு டிகிரி தெற்கே வருகிற விமானத்துக்கு அதுதான் வழியில் நிற்கும். வெயில் நாளில் கண்ணால் பார்த்து விலகிவிடுவார்கள்.

அந்தப் புதன்கிழமை வெயில் இல்லை. கார்த்திகை மழை. காலை பத்து மணிக்கே விளக்கேற்ற வேண்டிய இருட்டு. தொட்டியின் தலை மேகத்துக்குள் போய்விட்டது. அவன் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே நின்றான். வயல் தண்ணீர் குடிசைப் படிவரை வந்திருந்தது.

மேற்கேயிருந்து ஒரு விமானம் கூப்பிட்டது. ஏழு பேர். வேறெங்கும் போகப் பெட்ரோல் இல்லை. பீமில் வருவதாகச் சொன்னது. ஒத்துப்பார்க்க எங்களிடமும் திசை கேட்டது.

சக்கரத்தைச் சுற்றினேன். மழைக்கு நடுவிலும் ஒலி சட்டென்று செத்தது. ஒரு டிகிரி அகலம்கூட இல்லை. எழுபத்து மூன்று. நான் உங்கள் ஆணைப்படி நடந்தேன். 'எழுபத்து மூன்று, இரண்டாம் தரம்' என்று அடித்தேன்.

விமானி ஒத்துப்பார்த்தார். பதில் வந்தது. 'பீம் நடுவில் இருக்கிறேன். பீமைப் பிடிக்கிறேன்.'

அவர் செய்தது சரி. இரண்டாம் தரத்தை நம்பி, நடு ஒலியை யார் விடுவார்கள்? நானாக இருந்தாலும் விடமாட்டேன். அவருக்குப் பொய்யான தரத்தைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அது உங்கள் ஆணைப்படி சொன்ன பொய்.

பெட்டிக்கு மேலே உங்கள் கையெழுத்து. வெளியே அவன் கத்தினான். "இன்னா மச்சான் சொல்றான்?"

"பீம்ல வர்றானாம்!"

"இன்னிக்குப் புதன்டா! லாரி நிக்கிதுடா!"

சாவியைத் தட்டினேன். 'எழுபத்து மூன்று. முதல் தரம்.' மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அடித்தேன். 'முதல் தரம். முதல் தரம்.' பீமைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை. என் காதில் கேட்டதற்கு உண்மையான தரம் எதுவோ அதை மட்டும் சொன்னேன்.

அடுத்த திசை எழுபத்தைந்து. அதற்கடுத்து எழுபத்தேழு. வடக்கே திரும்பிப் பாதைக்கு வந்துகொண்டிருந்தார். பிறகு எண்பது. மறுபடியும் எண்பது. வெளியே இருந்து சத்தம் வந்தது. "கேக்குது! கேக்குது மச்சான்! தெக்கால இல்ல, நேரா வர்றான்! நம்ம தலமேல!"

இறங்கலாம் என்று அடித்தேன். கூரை ஓலை இரண்டு கீற்று பறந்தது. அந்த ஓட்டை வழியாக விமானத்தின் வயிற்றைப் பார்த்தேன். மழை என் முகத்தில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அரைமணி கழித்து விமானி எங்கள் குடிசைக்கே நடந்து வந்தார். வெள்ளைக்காரர். முழங்கால் வரை சேறு. வரப்பிலேயே அவரைப் பருத்திப்பட்டுக்காரன் மறித்தான். இடுப்பில் இருந்த துப்பாக்கியைக் காட்டி, "தொரே, இரும்பு. அத்த அங்க வெச்சுட்டு வா" என்றான். அவருக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் எங்கள் சைக்கிள்கள் வரப்பில் கிடப்பதைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே துப்பாக்கியைக் கழற்றிச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். காவலுக்குக்கூட ஆள் இல்லை.

கருவாட்டுக் குழம்பு கொடுத்தோம். கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டார். என் தந்தி ஆபீஸ் இங்கிலீஷுக்கு ஏற்ற மாதிரி மெதுவாகச் சொன்னார். நடு ஒலியைப் பிடித்து வந்தபோது காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாக விமானத்தின் மூக்கைத் திருப்ப வேண்டியிருந்ததாம். ஏதோ சரியில்லை என்று பட்டதாம். ஆனாலும் குடிசை இரண்டாம் தரம் என்று சொன்னதால் பீமிலேயே வந்தாராம். முதல் தரம் என்று நான் சொல்லியிருக்காவிட்டால் கடைசிவரை பீமிலேயே வந்திருப்பாராம். இதை எங்கள் பதிவேட்டில் தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியை மறந்துவிட்டுப் போனார். இவன் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மாலையில் நீங்கள் வந்தீர்கள். பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனீர்கள். அதற்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. என் பணிக் குறிப்பில் சிவப்பு மையில் எழுதினீர்கள்: ஆணையை மீறினான், தரத்தைப் பொய்யாகச் சொன்னான். என்னைப் பேட்டரிக் கொட்டகைக்கு அனுப்பினீர்கள்.

அதற்கும் நான் அழவில்லை. கொட்டகையில் இருந்தும் ஓடுதளம் தெரியும். இறங்குகிற ஒவ்வொரு விமானத்தையும் எண்ணிக்கொண்டிருப்பேன். மத்தியானம் அவன் சட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வருவான். "இங்க இரும்பு கீதே, பரவால்லியா?" என்று கேட்டுவிட்டு உட்காருவான். நீங்கள் மாற்றலாகிப் போனதும் நான் குடிசைக்குத் திரும்பினேன். போர் முடிந்து கம்பங்களைப் பிடுங்கும்வரை அங்கேதான் இருந்தோம். கம்பம் நின்ற இடத்தில் நெல் போட்டார்கள். நன்றாக விளைந்தது. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மகள் பிறந்தாள். அவன் இன்னமும் பருத்திப்பட்டில் இருக்கிறான். மலரைக் காட்டினேன். "வுடு மச்சான். ஏழு பேர் ஊடு போய்ச் சேந்தாங்க இல்ல?" என்றான். காது இப்போது அவனுக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. மனசு நிறைந்துதான் இருக்கிறான். நானும் அப்படித்தான் இருந்தேன், என் மகள் அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை.

அவன் விடுவான். நான் விடமாட்டேன். சிவப்பு மை அலமாரிக்குள் கிடந்தது, பொறுத்துக்கொண்டேன். இப்போது அச்சில் போட்டிருக்கிறீர்கள். அச்சில்தான் பதில் வேண்டும். வீட்டுக்குக் கடிதம் போட வேண்டாம். ஆள் அனுப்பிச் சமாதானம் பேச வேண்டாம்.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு மூன்றாம் நாள், நாற்பது லாரிகளையும் ஓடுதளத்தோரத்திலிருந்து கிளப்பிக் கிடங்குக்குப் பின்னால் நிறுத்த உத்தரவு போட்டது நீங்கள். அதற்குப் பிறகு எல்லா நாளும் எங்கள் சக்கரம் எண்பது காட்டியது. பீம் நேராகத்தான் இருந்தது என்றால் அந்த லாரிகளை ஏன் நகர்த்தினீர்கள்? விமானி கையெழுத்துப் போட்ட பதிவேடு எங்கே?

அதே மலரில், அதே நான்கு பக்கம் எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரைப் போட்டுப் பதில் சொல்லுங்கள். என் மகள் படிக்கக் காத்திருக்கிறாள்.